இரண்டு படகும் ஒரு சகலையும்

என் சகலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுதல். கெடுதல் செய்த ஆளாக இருந்தால் ஒரு நாள் சண்டை போட்டு முடித்துக்கொண்டிருப்பேன்.

அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்தில், என் மாமியார் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. பிறந்ததும் வளர்ந்ததும் வலை போடுவதும் எல்லாம் அங்கேதான். நான் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் போர்வெல் குழாயில் வருவது. கரண்ட் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் பம்ப் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அதே பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்ணைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டேன். அவளோடு சேர்த்து ஓர் ஏரியையும் கட்டிக்கொள்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு நீச்சல் வராது.

மாமியார் வீட்டுக்குப் போனால் எனக்கென்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேர் உண்டு. மாமியார் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போடுவார். "வாங்க மாப்ள, குந்துங்க மாப்ள" என்பார். காபி தட்டில் வரும். அதே நேரம் சகலை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருப்பார். "எரும, கூடைய அந்தாண்ட தள்ளுடா, காலு வக்க எடமில்ல" என்று அவருக்கு விழும். அவர் சிரித்துக்கொண்டே தள்ளி வைப்பார். கல்யாணமான புதிதில் அந்தச் சேர் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவருக்கும் அதே சேரைத் துடைத்துப் போட்டதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அதில் உட்கார்ந்தாலே எனக்கு முள்ளாகக் குத்தும்.

என் மனைவியும் சும்மா இருக்க மாட்டாள். எதை வாங்கப் போனாலும் "மாமாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?" என்பாள். மாமா என்றால் அவர்தான். ஃப்ரிட்ஜ் வாங்கியபோதும் அவரைத்தான் கேட்டாள். மீனை ஐஸ் பெட்டியில் வைக்கிற மனுஷனுக்கு ஃப்ரிட்ஜைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்டதற்கு, "அவரு கை ராசி அப்பிடி" என்றாள். என் கைக்கு ராசி இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் என்ன பதில் வரும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போது மாமியாருக்கு முட்டி வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கோ எங்கள் வீட்டுக்கோ வரவேண்டுமானால் அவர் ஏரியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். வாடகைப் படகு ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். அந்த அம்மா வெயிலில் கரையில் உட்கார்ந்து ஆளுக்காகக் காத்திருப்பார். அக்காவும் தங்கையும் போனில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு வீடும் சேர்ந்து ஒரு சின்ன மோட்டார் படகு வாங்குவது. மீன் பிடிக்க அல்ல, வீட்டு உபயோகத்துக்கு. பழைய படகு போதும். மாமியார் கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு மாப்பிள்ளைங்களும் சேந்து போய்ப் பாத்துக்கினு வாங்க. ரெண்டு பேருக்கும் புடிக்கிறது தான் வாங்கணும்."

ஒரு படகு விஷயத்தில் என்னையும் ஓர் ஆளாகச் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ஷிஃப்டில் எனக்கு வேலையே ஓடவில்லை.

விலைக்கு இரண்டு படகுகள் இருந்தன. பார்க்கப் போனபோது என் மனைவியும் கூடவே கிளம்பிவிட்டாள். முதலாவது பழவேற்காட்டுக் கரையில். நீல நிறம், ஒல்லியான உடம்பு, பெயிண்ட் கூட மங்காத ஃபைபர் படகு. பின்னால் மாட்டியிருந்த மோட்டார் இன்னும் புதிது. அதைக் கழற்றி ஒரு தண்ணீர் டிரம்மில் மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். நான் குனிந்து காது கொடுத்துக் கேட்டேன். ஒரு பிசிறு இல்லை. என் வேலையே அதுதான். ஒரு மோட்டார் பொய் சொல்கிறதா நிஜம் சொல்கிறதா என்று எனக்குத் தெரியும்.

"மோட்டாரு சூப்பரா கீதுண்ணா" என்றேன்.

"மோட்டாரு கீது" என்றார் சகலை. அவ்வளவுதான். அவர் மோட்டார் பக்கமே வரவில்லை. படகில் ஏறி ஓரத்தில் நின்று ஒரு காலை அழுத்தி, மறு காலை அழுத்தி, ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தொட்டில் மாதிரி ஆடியது.

அந்த ஏரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படகு வாங்கப் போகிறவர்கள் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதோடு விடமாட்டார்கள், நிறுத்தியும் பார்ப்பார்கள். நடு ஏரிக்குப் போய் இன்ஜினை அணைத்துவிட்டு, நீளக் கழியை அடியில் ஊன்றித் தள்ளிக்கொண்டே கரைக்கு வருவார்கள். இன்ஜின் செத்துப்போகிற அன்றைக்குப் படகு எப்படி வீடு சேரும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அன்று நீலப் படகிலும் சகலைதான் கழி போட்டார். என் மனைவி முன்னால் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு அவரோடு பேசிக்கொண்டே வந்தாள். யாருடைய வலையில் இறால் விழுந்தது, யார் வீட்டுப் பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள், எதைச் சொன்னாலும் சிரிப்பு. நான் நடுப்பலகையில் இரண்டு கையாலும் இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டு இருந்தேன். கரையில் இறங்கிப் பார்த்தால் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. கும்மிடிப்பூண்டி வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

இரண்டாவது படகு ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரியின் வடக்குக் கரையில். மூவரும் ரயிலில் போய் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். படகுக்காரர் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர். "மொதல்ல போட்டப் பாரு நைனா. டப்பு அப்பால பேசிக்கலாம்" என்றார். மஞ்சள் படகு அது. அகலமாக, அடி தட்டையாக, பெயிண்ட் உரிந்து, ஒரு பெரிய தாம்பாளத்தைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி கரையில் கிடந்தது. மோட்டார் சின்னது, அதுவும் கிழடு. கயிற்றை இழுத்து இழுத்துப் படகுக்காரருக்குத் தோள் வலித்தது. ஓடியபோதும் இருமிக்கொண்டே ஓடியது.

சகலை வழக்கம்போல மோட்டாரை ஏறிட்டும் பார்க்கவில்லை. படகின் பின்பக்கம் அடியில் சின்னதாக ஓர் ஓட்டை இருக்கும். படகு கரையில் கிடக்கும்போது மழைத் தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் வடிவதற்காக விட்ட ஓட்டை அது. அதற்கு ஒரு ரப்பர் தக்கை. சகலை அந்தத் தக்கையைப் பிடுங்கி, ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு தக்கையைத் திரும்பச் செருகி, குதிகாலால் ஒரு உதை விட்டார். கடைக்காரர் தேங்காயைத் தட்டுகிற மாதிரி ஒரு தோரணை. அந்தத் தோரணைதான் எனக்கு ஆகாது.

ஆனால் தண்ணீரில் இறக்கியதும் எனக்கு ஓர் ஆச்சரியம் நடந்தது. நான் கால் வைத்தேன், படகு அசையவில்லை. உட்கார்ந்தேன், அசையவில்லை. நடு ஏரிக்குப் போனோம். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. காற்று நன்றாக இருந்தது. இதை வாங்கிவிடலாம் என்று எனக்கே தோன்றிவிட்டது. முதல் ஆளாக நானே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இதான் நம்ம ஊட்டுக்குச் சரி. நம்ம சகல தண்ணிக்குப் பயந்த ஆளு. இது ஆடாது."

என் மனைவி முன்னால், முன்பின் தெரியாத அந்தப் படகுக்காரர் முன்னால் சொன்னார். அவர் கேலியாகச் சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அக்கறையாகச் சொன்னார்.

"இந்த மோட்டாரு வேலைக்கு ஆவாதுண்ணா" என்றேன். "கார்புரேட்டர் அடச்சிக்கினு கீது. பிஸ்டன் தேஞ்சிருக்கும். பாதி வழியில நின்னா அத்தைய வச்சிக்கினு இன்னா பண்றது? நீலம்தான் சரி."

நான் மோட்டாரைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

சகலை ஆரம்பாக்கத்திலேயே தெரிந்தவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் இருவரும் ரயிலில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள்.

"உனுக்கு நெசமா எது புடிச்சிது?"

"நீலம்."

"பொய் சொல்லாதய்யா. அந்த மஞ்ச போட்ல நீ கையக் கட்டிக்கினு குந்திக்கினு இருந்த. கல்யாணம் ஆனதுலேந்து நீ தண்ணி மேல கையக் கட்டிக்கினு நான் பாத்ததே இல்ல."

எனக்கு அது தெரியவே தெரியாது. விளிம்பைப் பிடிக்க மறந்துபோயிருக்கிறேன்.

"உங்க மாமா சொல்லிட்டாரு, அதனால மஞ்சள்னு சொல்ற" என்றேன்.

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ. மாமா போட்டத்தான் பாத்துக்கினு இருந்தாரு. நான் ஒன் கையப் பாத்துச் சொல்றேன்."

இதைக் கேட்டு நான் உருகிப்போயிருக்க வேண்டும். உருகினேன்தான், பாதி. மறு பாதி, எப்படிப் பார்த்தாலும் அவர் கை காட்டிய படகுதானே வீட்டுக்கு வரப்போகிறது என்று கணக்குப் போட்டது. ஆகவே ஒரு நிபந்தனை வைத்தேன். மோட்டாரை நான்தான் சரி செய்வேன். முதல் பயணம் நான்தான் ஓட்டுவேன். அவள் வெங்காயத்தால் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டு, யாரு வேணான்னா" என்றாள்.

மஞ்சள் படகு குப்பத்துக்குப் போனது. மோட்டார் மட்டும் கும்மிடிப்பூண்டிக்கு வந்தது. எங்கள் வீட்டு வாசலில் டிரம்மை வைத்து மாட்டினேன். விடுமுறை நாளெல்லாம் அதோடுதான் போனது. கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக்கை மாற்றினேன், தேய்ந்ததையெல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டேன். கடைசியில் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டு இருமாமல் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சத்தம் இனித்தது. ஆடாத படகை அவர் தேர்ந்தெடுத்திருக்கலாம், ஆனால் அது ஓடுவது என்னால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டப் பழகினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பழகினேன். பிறகு வாடகைப் படகுக்காரரிடம் கெஞ்சி, ஓரிரு தடவை ஏரியிலும் அவர் மோட்டாரைப் பிடித்துப் பார்த்தேன்.

படகுக்குப் பூசை போடும் நாள் வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சகலை விடியற்காலையிலேயே எழுந்து படகை உள்ளும் புறமும் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, முன் முனையில் சாமந்தி மாலை கட்டி வைத்திருந்தார். நான் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. நான் கொண்டுபோன மோட்டாரை மாட்டினேன். பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம் பழத்தை உள்ளே வைத்துப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். மாமியாருக்கு முட்டி மடங்காது என்பதால் அந்தச் சிவப்புச் சேரையே தூக்கிப் படகில் நடுப்பலகைக்கு முன்னால் வைத்து அவரை உட்கார வைத்தோம். என் மனைவி முன்னால் ஏறினாள். அக்கா சமையல் இருக்கிறது என்று கரையிலேயே நின்றுவிட்டாள்.

சகலை இயல்பாக மோட்டார் பக்கம் வந்தார். நான் அதற்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"நான் ஓட்றேண்ணா" என்றேன்.

அவர் ஒரு நொடி நின்றார். இடுப்பில் லுங்கியைச் சரிசெய்துகொண்டார். "ஓட்டு சகல" என்று சொல்லிவிட்டுப் போய் நடுப்பலகையில் உட்கார்ந்தார். அது இத்தனை வருஷமாக எந்தப் படகில் ஏறினாலும் நான் உட்கார்ந்த இடம். அவரை அங்கே பார்க்க எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தேன், முதல் இழுப்பில் பிடித்துக்கொண்டது. கரையிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

நடு ஏரி வரைக்கும் ராஜாதான் நான். அங்கே வேகத்தைக் குறைத்தேன். மாமியார் சுற்றிப் பார்க்கட்டும் என்று ஒரு எண்ணம், என்னைப் பார்க்கட்டும் என்று இன்னொரு எண்ணம். அப்போது காலடியில் ஈரம் தெரிந்தது. கழுவிய தண்ணீர் மிச்சம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சாமந்திப் பூ ஒன்று என் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு மிதந்து போனது. அதன் பின்னாலேயே எலுமிச்சம் பழம் வந்தது.

"தண்ணி ஏறுது!" என்று என் மனைவி கத்தினாள்.

"தக்க எங்க?" என்றார் சகலை.

"எந்தத் தக்க?" என்றேன் நான்.

"போட்டக் கெளப்புற முன்ன நீ பாக்கலயா?"

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் குப்பத்தில் யாரும் யாருக்கும் அதைச் சொல்வதுமில்லை; படகைக் கழுவுகிறவன்தான் அதை ஓட்டிக்கொண்டும் போவான். கழுவும்போது தக்கையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வான், மோட்டார் பக்கத்தில் வந்து உட்காரும்போது போட்டுவிடுவான். கை தானாகச் செய்கிற வேலை அது. அன்றைக்குக் கழுவியவர் ஒருவர், ஓட்டியவன் ஒருவன். படகு வேகமாக ஓடியவரை அந்த ஓட்டை தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது, நான் வேகத்தைக் குறைத்ததும் ஏரி உள்ளே வந்துவிட்டது. சகலை இடுப்பைத் தடவினார். லுங்கி மடிப்பிலிருந்து தக்கை வந்தது. வெயிலில் அவர் முகம் எப்படி ஆனது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் எழுந்து பின்பக்கம் பாய்ந்து வந்தார். நானும் பதறி எழுந்தேன். இரண்டு பேர் பாரமும் ஒரே பக்கம் சேர்ந்ததும் பின்பக்கம் சடாரென்று இறங்கி, விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சிவப்புச் சேரிலிருந்து குரல் வந்தது.

"எருமைங்களா! ரெண்டு எருமையும் ஒரே பக்கம் வந்தா போட்டு இன்னாடா ஆவும்? நீ தக்கைய அடிடா! நீ முன்னால வாடா! இன்னாடா வாயப் பொளந்துக்கினு நிக்கிற, எறடா தண்ணிய!"

பாதியாக வெட்டின ஆயில் கேன் ஒன்று பறந்து வந்து என் நெஞ்சில் பட்டது. வாடா என்றதும் இறைடா என்றதும் எனக்குத்தான். நான் முன்னால் நகர்ந்து குனிந்து இறைத்தேன். என் மனைவி தாவி வந்து மோட்டாரைப் பிடித்துப் படகைத் திருப்பினாள். சகலை தக்கையைச் செருகிக் குதிகாலால் உதைத்துவிட்டு, மறுபடி கழன்றுவிடப் போகிறது என்று காலை எடுக்காமல் அங்கேயே நின்றார். நான் இறைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே வந்தது, பாதத்துக்கு வந்தது. மாமியார் விடவில்லை. "ஒரு தக்க போட ரெண்டு ஆம்பளைக்கி துப்பில்ல. ரெண்டுத்துக்கும் மூள ஒரே எடத்துல தான் வாங்கனீங்களா?" என்று கரை வரைக்கும் கொட்டிக்கொண்டே வந்தார். எனக்கு நீச்சல் தெரியாது என்பது கரை தட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் காலியான பிறகும் நான் அடியைச் சுரண்டிச் சுரண்டி இறைத்துக்கொண்டிருந்தேனாம். என் மனைவி பிறகு சொன்னாள்.

கரையில் இறங்கியதும் சகலை என் மனைவியிடம், சிரிக்கிற மாதிரியும் சிரிக்காத மாதிரியும் சொன்னது என் காதில் விழுந்தது.

"இத்தினி வருசமா அத்த என்னிய மட்டும் தான் திட்டிக்கினு இருந்துது."

நான் கேட்காத மாதிரி நடந்தேன். உடம்பெல்லாம் நனைந்திருந்தும் உள்ளே வெல்லம் கரைந்தது.

வீட்டுக்குள் போனோம். சேர் படகிலேயே கிடந்தது. அதை எடுத்துவா என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். மாமியார் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, ஒரு கூடை இறாலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"சும்மா குந்திக்கினு கீறதுக்கு இத்த உரி."

எனக்கு இறால் உரிக்கத் தெரியாது. முதல் இறாலிலேயே முள் குத்தி விரலில் ரத்தம் வந்தது. சகலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூடைக்குக் கையை நீட்டி, "குடு சகல, எனுக்குப் பழக்கம்" என்றார்.

நான் கொடுக்கவில்லை.